ரொறன்ரோ மார்லீஸ் பருவகாலச் சீட்டு: வெற்றிக்காக அல்ல, வளர்ச்சியைப் பார்ப்பதற்காக

மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹொக்கி அணியின் போட்டிக்குக் குடும்பத்தோடு போய்வருவது ரொறன்ரோவில் ஒரு மாத வரவு செலவையே புரட்டிப்போடும் காரியமாகிவிட்டது. அதனால், அதே அமைப்பின் அடுத்த நிலை அணியான மார்லீஸுக்குப் பருவகாலச் சீட்டு வாங்கினால் என்ன என்று ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் உள்ள நம்மவர்கள் பலர் கேட்கிறார்கள். 2024-25 பருவகாலத்தை மார்லீஸின் அரங்கான கொலிசியத்தின் கீழ்வரிசை ஆசனத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் என் பதில் இதுதான்: தாராளமாக வாங்கலாம், ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். லீஃப்ஸ் போட்டியைக் குறைந்த விலையில் பார்க்கும் வழியென்று எண்ணி வாங்குபவர் டிசம்பருக்குள் சலித்துப்போவார். இருபது, இருபத்திரண்டு வயது இளைஞர்கள் ஒரு கடினமான தொழிலைக் கற்றுக்கொள்வதை ஏழு மாதங்கள் அருகிலிருந்து பார்க்க விரும்புகிறவருக்கோ இந்த நகரத்தில் இதைவிடச் சிறந்த விளையாட்டு அனுபவம் கிடைப்பது அரிது.

மார்லீஸ் ஆடுவது அமெரிக்கன் ஹொக்கி லீக்கில், அதாவது ஏ.எச்.எல்.லில். 1936-இல் தொடங்கிய இந்த லீக்கில் இப்போது 32 அணிகள் உள்ளன, லீஃப்ஸ் ஆடும் மேல்நிலை லீக்கான என்.எச்.எல்.லின் 32 அணிகளில் ஒவ்வொன்றும் இங்கே தனக்கென ஓர் அணியை வைத்திருக்கிறது. ஒக்ரோபரிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை ஒவ்வோர் அணியும் 72 போட்டிகளில் ஆடும்; அவற்றில் உள்ளூரில் நடக்கும் 36 போட்டிகளுக்குத்தான் நாம் முன்பணம் கட்டுகிறோம். இந்த அணி 2005 வரை நியூஃபவுண்ட்லாந்தின் சென்ற் ஜோன்ஸ் நகரில் இருந்தது. லீஃப்ஸின் உரிமையாளர்களே இதற்கும் உரிமையாளர்கள் என்பதால், தங்கள் கண்ணெதிரே இருக்கட்டும் என்று ரொறன்ரோவுக்குக் கொண்டுவந்து, நகரத்தின் பழைய இளையோர் கழகமான மார்ல்பரோஸின் பெயரைச் சுருக்கி இதற்குச் சூட்டினார்கள்.

இந்த ஏற்பாட்டில் பார்வையாளர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, அணியின் தலைவிதி அணியின் கையில் இல்லை என்பதுதான். பெரும்பாலான வீரர்களின் ஒப்பந்தம் லீஃப்ஸுடன் செய்யப்பட்டது; மேலேயுள்ள அணியில் ஒருவருக்குத் தொடைத்தசை பிடித்துக்கொண்டால், இங்கே முதல் தாக்குதல் வரிசையில் ஆடிக்கொண்டிருந்தவர் அன்று மாலையே பெட்டியைக் கட்டிவிடுவார். களமிறங்கும் 18 ஆட்டக்காரர்களில் பெரும்பான்மையினர் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு உட்பட்ட தொழில்முறைப் போட்டிகளை மட்டுமே ஆடிய இளையவர்களாக இருக்க வேண்டும் என்ற விதியும் லீக்கில் உண்டு. ஆகவே அனுபவசாலிகளை வாங்கிக் குவித்துக் கோப்பையைத் தூக்கிவிடலாம் என்று எந்த முகாமையாளரும் திட்டமிட முடியாது. என்.எச்.எல்.லில் ஆடுவோரில் ஏறத்தாழ 90 வீதமானோர் இந்த லீக்கைக் கடந்து போனவர்கள் என்பதால், இந்த ஏற்பாடு வீண்போகவில்லை என்றே சொல்ல வேண்டும்.

2024-25 பருவகாலம் இதற்குத் தெளிவான சான்று. பயிற்றுநர் ஜோன் குரூடனின் அணியில் பருவகாலத் தொடக்கத்தில் கோல் காத்தவர்களில் ஒருவர் மெற் மரே. பிற்ஸ்பேர்க் அணியோடு 2016-இலும் 2017-இலும் ஸ்ரான்லி கிண்ணத்தை வென்ற இவர், இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஒரு பருவகாலம் முழுவதையும் இழந்து, மறுபடி அடியிலிருந்து தொடங்குவதற்காக இங்கே வந்திருந்தார். உலகின் ஆகப்பெரிய கிண்ணத்தை இருமுறை தூக்கியவர், சில ஆயிரம் பேர் முன்னிலையில், ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் இடது கால் திண்டை நீட்டி நீட்டி மடக்கி, கோல் கம்பத்திலிருந்து கம்பத்துக்கு நகரும் அதே அசைவைச் சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்ததைக் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்த்தேன். தொலைக்காட்சி இதைக் காட்டாது. அந்த டிசம்பரில் அவர் மேலே அழைக்கப்பட்டு, பஃபலோவில் நடந்த தன் முதல் மீள்வருகைப் போட்டியிலேயே வென்றார். செய்தியைக் கேட்ட கொலிசியப் பார்வையாளர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளை சித்தியடைந்ததுபோல மகிழ்ந்தார்கள்.

அவரோடு பொறுப்பைப் பகிர்ந்துகொண்ட டெனிஸ் ஹில்டபி, 6 அடி 7 அங்குல உயரமுள்ள சுவீடன் இளைஞர். மேலும் கீழுமாக அவர் எத்தனை தடவை அலைக்கழிக்கப்பட்டார் என்பதைக் கணக்கு வைத்திருந்தவர்கள்கூடக் களைத்துப்போயிருப்பார்கள். ஒரு நாள் மேலேயுள்ள அணியின் மாற்றுக் காப்பாளராக வாங்கில் உட்கார்ந்திருப்பார். மறுநாள் இங்கே முழுப்போட்டியும் ஆடுவார். இருபத்துமூன்று வயதில் இந்த அலைச்சலைப் பொறுத்துக்கொள்வதும் தொழிலின் ஒரு பகுதிதான் என்பதை இந்த லீக்கைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

அலெக்ஸ் ஸ்டீவ்ஸின் கதை இதைவிடச் சிக்கலானது. என் மதிப்பீட்டில் இந்தப் பருவகாலத்தின் மையமும் அதுதான். என்.எச்.எல்.லின் வருடாந்த இளம் வீரர் தெரிவில் எந்த அணியாலும் எடுக்கப்படாமல் பல்கலைக்கழக ஹொக்கியிலிருந்து வந்த இவர், நான்கு ஆண்டுகள் மார்லீஸுக்காக ஆடினார். 2024-25-இல் மட்டும் 36 கோல்கள் அடித்தார். எதிரணியில் ஒருவர் தண்டனையால் வெளியே இருக்கும் பவர் பிளேயின்போது, பனியில் வரைந்த பக்கவாட்டு வளையத்தின் அருகே அவர் மட்டையை உயர்த்தி நின்றாலே எதிரணிக் காப்பாளர் அந்தப் பக்கம் ஓர் அடி கூடுதலாக நகர்வதைக் கீழ்வரிசையிலிருந்து கவனிக்கலாம். அத்தனைக்கும் பிறகு லீஃப்ஸுக்காக அந்த நான்கு ஆண்டுகளில் அவர் ஆடிய போட்டிகள் பதினைந்தைக்கூட எட்டவில்லை. கோடையில் அவர் பொஸ்ரனுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு போய்விட்டார். கோல் அடிப்பது மட்டும் மேலே போகப் போதாது. மேலேயுள்ள பயிற்றுநர் மூன்றாம், நான்காம் வரிசையில் எப்படிப்பட்ட ஆளைத் தேடுகிறார் என்பதே முடிவு செய்கிறது. கீழே முதல் வரிசையில் ஜொலிப்பவரிடம் மேலே எதிர்பார்ப்பதோ தடுப்பாட்டமும் உடல்வலுவும். இந்த முரண்பாட்டைப் பார்வையாளரும் சேர்ந்தே சுமக்க வேண்டியிருக்கிறது. அவர் போனதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

2025 மார்ச் 7, வீரர் பரிமாற்றத்துக்கான கடைசி நாள். அன்று ஒரே பகலில் இரண்டு இளைஞர்கள் போனார்கள். மார்லீஸுக்கும் லீஃப்ஸுக்கும் மாறி மாறி ஆடிவந்த நிகிதா கிரெபென்கின், ஸ்கொற் லோட்டனைப் பெறுவதற்காக பிலடெல்பியாவுக்குக் கொடுக்கப்பட்டார். ஃபிரேசர் மின்ரன், பிரண்டன் கார்லோவைப் பெறுவதற்காகப் பொஸ்ரனுக்குப் போனார். லீஃப்ஸின் பார்வையில் அது கணக்குச் சரியான வியாபாரமாக இருக்கலாம். அந்த இருவரின் முன்னேற்றத்தைப் போட்டிக்குப் போட்டி கவனித்துவந்தவர்களுக்கோ, பாதி படித்த தொடர்கதை திடீரென்று நின்றுபோனது. பருவகாலச் சீட்டு வாங்குபவர் இதற்கு மனத்தைத் தயார்செய்துகொள்ள வேண்டும். வாங்கிய சட்டையின் முதுகில் உள்ள பெயர் அந்த வசந்தகாலம் வரைகூட நிலைக்காமல் போகலாம்.

ஆட்டத்தின் தரத்தைப் பொறுத்தவரை, என்.எச்.எல்.லோடு ஒப்பிட்டால் வேகத்தில் வித்தியாசம் நினைப்பதைவிடக் குறைவு. முடிவெடுப்பதில் உள்ள வித்தியாசம் நினைப்பதைவிடப் பெரிது. பக் என்ற இறப்பர் வட்டை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டைக் கடக்கும் இளம் தடுப்பாட்டக்காரர் அரை வினாடி தயங்குவார். அந்த அரை வினாடியில் எதிரணி பக்கைப் பறித்துக்கொண்டு ஓடிவிடும். தவறுகள் அதிகமாதலால் ஆட்டம் திறந்ததாகவும், ஒருவர் தனியாகக் கோலை நோக்கிப் பாயும் வாய்ப்புகள் நிறைந்ததாகவும் இருக்கிறது. சமநிலையில் முடிந்த போட்டிகளின் மேலதிக நேரத்தில், மூன்றுக்கு மூன்று பேராக ஐந்து நிமிடங்கள் ஆடும்போது இதன் உச்சத்தைப் பார்க்கலாம். இன்று என்.எச்.எல். இரசிகர்கள் கொண்டாடும் அந்த மூன்றுக்கு மூன்று முறை முதலில் 2014-15-இல் இந்த லீக்கில் பரிசோதிக்கப்பட்டு, மறு ஆண்டே மேலே எடுத்துக்கொள்ளப்பட்டது. நடுவர்களும் இங்கேதான் பயில்கிறார்கள். 2024-25 முதல் வெட்டுத் தாங்கும் கழுத்துக் காப்பு ஏ.எச்.எல்.லில் கட்டாயமாக்கப்பட்டது, 2023 ஒக்ரோபரில் இங்கிலாந்தில் சறுக்குக் காலணியின் அலகு கழுத்தில் பட்டு அடம் ஜோன்சன் என்ற வீரர் இறந்த துயரத்துக்குப் பின் வந்த மாற்றம் இது. பயிற்சியின்போது சட்டைக் கழுத்துக்கு மேல் தெரியும் அந்தக் கறுப்புப் பட்டியைப் பிள்ளைகளுக்குக் காட்டி, தங்கள் பயிற்சியிலும் அதை ஏன் அணிய வேண்டும் என்று சொல்ல முடிந்தது எனக்குப் பெரிய பயன்.

இனி அரங்கம். கொகா-கோலா கொலிசியம் என்று இப்போது அழைக்கப்படுவது, எக்ஸிபிஷன் பிளேஸ் வளாகத்தில் நூறாண்டுக்கு முன் கால்நடை, குதிரைக் கண்காட்சிகளுக்காகக் கட்டப்பட்டு, 2003-இல் உள்ளே முழுவதுமாகப் புதுப்பிக்கப்பட்ட கட்டடம். ஹொக்கிக்கு ஏறத்தாழ 8,000 பேர் உட்காரலாம். நடுநகரில் லீஃப்ஸ் ஆடும் அரங்கில் பாதிக்கும் குறைவு இது. இந்தச் சிறிய அளவே இதன் பெரும் சிறப்பு. மேல்வரிசை ஆசனத்திலிருந்துகூட வீரரின் முகம் தெரியும். கோலுக்குப் பின்னால், மூலையை ஒட்டிய கீழ்வரிசைகளில் உட்கார்ந்தால் காதுக்கும் வேலை உண்டு. பக் பின்சுவரில் மோதித் திரும்பும் கணத்தில், அதை எடுக்க ஓடும் தடுப்பாட்டக்காரருக்கு முதுகுப்புறம் தெரியாது; அப்போது கோல் காப்பாளர்தான் அவருக்குக் கண். "வீல்" என்று கத்தினால் பக்கோடு வலையைச் சுற்றி ஓடு என்று பொருள். "றிவேர்ஸ்" என்றால் வந்த திசையிலேயே பக்கைத் திருப்பிவிடு என்று பொருள். அந்தக் கத்தலைக் கேட்டு, தடுப்பாட்டக்காரர் ஒரு தோளைத் திருப்பிப் பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டு, சறுக்குக் காலணியின் உள்விளிம்பை அழுத்தித் திசைமாறும்போது பனித்தூள் கண்ணாடியில் வந்து தெறிக்கும். மூன்று ஆட்டங்கள் இப்படிக் கேட்டால் போதும்; அதன் பிறகு தொலைக்காட்சியில் லீஃப்ஸ் ஆடுவதைப் பார்க்கும்போதும் அந்தக் குரல்கள் மனத்தில் ஒலிக்கும். விலையில் மத்தியக் கோட்டை ஒட்டிய ஆசனங்கள் கூடுதலாக இருந்தாலும், கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு மூலைதான் சிறந்தது என்பது என் உறுதியான கருத்து.

இந்த அணியைச் சுற்றியிருக்கும் உலகம் எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு டேவிட் அயர்ஸை விடச் சான்று வேண்டியதில்லை. மார்லீஸின் பயிற்சிகளில் கோல் காத்து உதவிவந்த இவர், 2020 பெப்ரவரி 22 அன்று, கரோலினா அணியின் இரண்டு காப்பாளர்களும் காயமடைந்த நிலையில், தன் 42-ஆவது வயதில் அவசரக் காப்பாளராக லீஃப்ஸுக்கு எதிராகக் களமிறங்கி, எட்டுக் கோல் முயற்சிகளைத் தடுத்து, வெற்றியையும் பெற்றுக்கொண்டார்.

போக்குவரத்து, ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு நினைப்பதைவிட எளிது. எக்லிங்ரன், கில்ட்வூட் முதலிய நிலையங்களில் லேக்ஷோர் கிழக்குக் கோ ரயிலில் ஏறினால் யூனியன், அதற்கு மேற்கே அடுத்த நிலையம் எக்ஸிபிஷன். அங்கிருந்து அரங்கம் நடைதூரம். நடுநகரிலிருந்து 509, 511 ஸ்ரீட்கார்களும் வாசலருகே கொண்டுவந்து விடுகின்றன. புதிய நகர ரயில்பாதையான ஒன்ராறியோ லைனின் வேலைகள் அந்த நிலையத்தைச் சுற்றி நடப்பதால், புறப்படுமுன் பாதை மாற்றங்களைப் பார்த்துக்கொள்வது நல்லது. வார இறுதிப் போட்டிகள் பெரும்பாலும் பிற்பகலில் தொடங்குவதால், பள்ளிப் பிள்ளைகளோடு போய் இராச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். பிள்ளைகளுக்கு இடைவேளையில் டியூக் என்ற நாய் வேடமிட்டவரும் பனியைச் சீராக்கும் ஜம்போனியுமே போதுமானவை. இந்த லீக்கின் அரங்குகளில் பொதுவாக ஆட்டம் நிற்கும் ஒவ்வொரு கணத்தையும் உரத்த இசையால் நிரப்புவது வழக்கம். ஆட்டத்தைப் பற்றிப் பக்கத்திலிருப்பவரோடு பேசிக்கொள்ள அந்த இடைவெளிகள் எவ்வளவு அவசியம் என்பதை அரங்கை நடத்துவோர் எண்ணிப்பார்க்க வேண்டும்.

அட்டவணையில் இரண்டு குறைகளைச் சொல்லியே ஆக வேண்டும். முதலாவது, நவம்பர். 1922 முதல் நடந்துவரும் ரோயல் குளிர்கால வேளாண்மைக் கண்காட்சிக்காக அரங்கின் தளம் மண் பரப்பிய குதிரைக் களமாக மாறிவிடும். அந்த நாட்களில் மார்லீஸ் வெளியூர்களில் அலைய வேண்டும். பருவகாலம் சூடுபிடிக்கும் நேரத்தில் விழும் இந்த நீண்ட இடைவெளி புதிய பார்வையாளரின் ஆர்வத்தைக் குலைத்துவிடும். இரண்டாவது, எதிரணிகளின் வரிசை. பயணச் செலவைக் குறைப்பதற்காக லீக் போட்டிகளை வட்டாரவாரியாக அமைக்கிறது. ஆகவே 2024-25-இல் பெல்வில், லவால், ரொசெஸ்ரர், சிரகியூஸ், யூற்றிக்கா, கிளீவ்லாண்ட் என்று அதே ஆறு முகங்களே திரும்பத் திரும்ப வந்தன; கலிபோர்னியா அணிகளைப் பார்க்கும் வாய்ப்பு அரிது. ஆனால் இரண்டாவது குறை நாளடைவில் நிறையாகவும் மாறுகிறது. 190 கிலோமீற்றர் தூரத்திலுள்ள பெல்வில், ஒற்றாவாவின் வளர்ப்பு அணி. லவால், மொன்றியலின் வளர்ப்பு அணி. ஆகவே மேலேயுள்ள பகை கீழேயும் அப்படியே இறங்குகிறது. ஒக்ரோபரில் பலகையோரம் இடித்தவனுக்கு ஜனவரியில் பதில் கிடைப்பதையும், அதற்கான தண்டனை மார்ச்சில் ஒரு பவர் பிளே கோலாக முடிவதையும் தொடர்ந்து வருபவர் மட்டுமே புரிந்துகொள்வார். பல வீரர்கள் பஸ்ஸில் இரவைக் கழித்துவிட்டு வந்து மறுநாளும் ஆடுகிறார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு என்று அடுத்தடுத்து மூன்று போட்டிகள் வரும் வாரங்களில், ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் காலப்பகுதியில் கால்கள் கனப்பது கண்ணுக்குத் தெரியும். அந்த ஞாயிறுகளில் ஆட்டம் தளர்வாக இருந்தால் வீரர்களைக் குறைசொல்வது நியாயமாகாது.

போக முடியாத நாட்களுக்கு இணைய ஒளிபரப்பு இருக்கிறது. 2024-25 முதல் லீக்கின் போட்டிகள் ஃப்ளோ ஹொக்கி தளத்துக்கு மாறியுள்ளன. வெளியூர்ப் போட்டிகளைத் தொடர அது பயன்படும். ஆனால் திரை எப்போதும் பக்கைத் துரத்துவதால், பக் இல்லாத இடத்தில் ஓர் இளைஞர் சரியான இடத்தில் நிற்கக் கற்றுக்கொள்வதை, அதாவது இந்த லீக்கில் பார்க்கவேண்டிய முக்கியமான விடயத்தை, திரையில் பார்க்க முடியாது. ஒளிபரப்பைச் சீட்டுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம்; மாற்றாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

வெற்றியே இல்லாத இடம் என்றும் எண்ணிவிடக் கூடாது. 2017-18-இல் ஷெல்டன் கீஃபின் பயிற்சியில் இதே அணி 54 வெற்றிகளோடு லீக்கில் முதலிடம் பெற்றது. கோல் காப்பாளர் கரெட் ஸ்பார்க்ஸ் விட்டுக்கொடுத்த கோல்களின் சராசரி ஒரு போட்டிக்கு இரண்டுக்கும் குறைவு. இறுதிச் சுற்றில் ரெக்சஸ் ஸ்ரார்ஸை ஏழாவது போட்டியில் 6-1 என்று தோற்கடித்து, ஜூன் 14 அன்று இதே அரங்கில் லீக்கின் வெற்றிக் கிண்ணமான கோல்டர் கிண்ணத்தைத் தூக்கினார்கள். 1967-க்குப் பின் லீஃப்ஸால் தர முடியாத கொண்டாட்டத்தை இந்த இளைஞர்கள் நகரத்துக்குத் தந்தார்கள். கிண்ணத்துக்கான பிளே ஓஃப் தகுதிச் சுற்றுகளின் சிறந்த வீரரான அண்ட்ரியாஸ் ஜோன்சனும், ட்ராவிஸ் டெர்மட்டும், ஜஸ்டின் ஹோலும் அடுத்த பருவகாலத்தில் மேலே இருந்தார்கள். ஈராண்டுக்குள் கீஃபே லீஃப்ஸின் தலைமைப் பயிற்றுநரானார். அப்படியொரு ஆண்டு எப்போது வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. 2024-25-இல் முதலிடம் பிடித்தது லவால். கிண்ணத்தை வென்றது அபற்ஸ்போர்ட். மார்லீஸோ முதற்சுற்றிலேயே கிளீவ்லாண்டிடம் தோற்று வெளியேறியது.

முதன்முறையாக வாங்குபவர் முழுப் பருவகாலத்தையும் ஒரேயடியாக எடுக்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை. சில போட்டிகளை மட்டும் உள்ளடக்கிய சிறிய தொகுப்பை எடுத்து, அதில் பெல்வில்லோடும் லவாலோடும் மோதும் நாட்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வீரரை, முடிந்தால் இளம் தடுப்பாட்டக்காரர் ஒருவரை, தெரிந்தெடுத்து, பக் எங்கே போனாலும் கண்ணை அவர்மீதே வைத்து ஒரு காலப்பகுதி முழுவதும் பாருங்கள். பிப்ரவரியில் அதே ஆளை மறுபடி பாருங்கள். ஆட்டம் தொடங்க அரை மணிநேரத்துக்கு முன்பே போய்ப் பயிற்சியைக் கண்ணாடியருகே நின்று பார்ப்பதற்குத் தனிக் கட்டணம் இல்லை. இதில் ஆர்வம் பிடிபட்டால் அடுத்த கோடையில் மூலை ஆசனத்துக்கு முழுச் சீட்டு எடுக்கலாம். ஏப்ரல் பிற்பகுதியில் தொடங்கும் தகுதிச் சுற்றுகளின் முதல் தொடர் மூன்றில் இரண்டு வெல்லும் குறுந்தொடராக அமைவதுண்டு. ஆகவே அந்தச் சீட்டுகளைத் தனியாக வாங்குவோர், உள்ளூரில் எந்தப் போட்டி நடக்கிறது என்பதை உறுதிசெய்துகொண்டு வாங்குவது நல்லது.